மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு கேள்வி

"நாப்பது நிமிஷம், ராஸ்கோ. அதுக்கு மேல போனா மைக்க அணைச்சிடுவேன். உனக்கே தெரியும்."

"நிமிஷத்தப் பத்தி யாரு பேசறா? நான் முள்கம்பியப் பத்தித்தான் பேசுவேன், வெல்டா. இத்தன வருஷமா அத மட்டுந்தான் பேசிட்டிருக்கேன். மனுஷங்களப் பத்திப் பேச எனக்கு வராது."

"வேலி போட்டவங்கல்லாம் மனுஷங்க இல்லையா?"

"அவங்கல்லாம் செத்து நூறு வருஷம் ஆனவங்க. யாரும் எழுந்து வந்து 'நீ சொல்றது தப்பு'ன்னு சொல்லப் போறதில்ல. இவரு செத்து இன்னும் ஒரு வாரங்கூட ஆகலையே!"

"அதனாலதான் உனக்குச் சுலபம். தகவல் எல்லாம் புதுசு. தேடி அலைய வேண்டாம்."

மறுமுனையில் ராஸ்கோ டவ்டி பெருமூச்சு விட்டார். வெல்டா ஹூஸ்பி காத்திருந்தாள். பேச்சாளர்கள் பெருமூச்சு விட்டால் பாதி சம்மதம் என்பது அவளுடைய அனுபவம். டோலிவர் கவுண்டி என்கிற அந்த மாவட்டத்தின் வரலாற்றுச் சங்கத்துக்கு மாதம் ஒரு பேச்சாளரைப் பிடித்துக் கொண்டுவரும் பொறுப்பு அவள் தலையில் விழுந்து பல வருடங்கள் ஓடிவிட்டன. காலரா, காற்றாலை, பக்கத்து ஊர்க்காரர்கள் இரவோடிரவாக வண்டி கட்டி வந்து நீதிமன்றத்துப் பத்திரங்களைக் களவாடிக்கொண்டு போன கதை, எந்தத் தலைப்பைச் சொன்னாலும் அதற்கு ஓர் ஆளை எங்கிருந்தாவது கண்டுபிடித்து மேடையேற்றிவிடுவாள். பனிப்புயலில் சிக்கிய பேராசிரியரை டிராக்டர் அனுப்பி இழுத்து வந்தவள். வயிறு சரியில்லை என்று கடைசி நேரத்தில் கழன்றுகொள்ளப் பார்த்தவரிடம், "மேடைக்குப் பக்கத்துலயே கழிப்பறை இருக்கு, வாங்க" என்று சொன்னவள். அப்படிப்பட்டவள், செத்துப்போன சொந்தப் புருஷன் ஆர்லினைப் பற்றிப் பேச ஓர் ஆள் அகப்படாமல் காலையிலிருந்து தொலைபேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் ராஸ்கோ.

"யோசி. திங்கக்கெழம காலைல, ரயில் நிலையத்துல. கொஞ்சம் முன்னாடியே வந்துடு."

அவர் பதில் சொல்வதற்குள் தொலைபேசியை வைத்துவிட்டாள். வைத்த கையோடு சமையலறை நாட்காட்டியில் திங்கட்கிழமைக் கட்டத்தில் ராஸ்கோவின் பெயரையும் எழுதிவிட்டாள்.

சோபாவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அவள் நாத்தனார் மார்வா, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆர்லினின் ஒரே தங்கை. அண்ணன் செய்தி கேட்டு நெப்ராஸ்காவிலிருந்து தானே காரோட்டி வந்தவள்.

"முள்கம்பிக்காரனா?"

"ஆமா."

"எங்க அண்ணனப் பத்திப் பேச முள்கம்பிக்காரன்!"

"போர்த் தளபதி வேஷம் போட்டுப் பேசுவாரே, அவரக் கேட்டேன். வேஷத்தோடதான் வருவேன்னாரு. வேண்டாம்னுட்டேன். ஒட்டுப்போர்வைகளப் பத்திப் பேசற அம்மா, பேரச் சொன்னதுமே அழ ஆரம்பிச்சிட்டாங்க. அழறவங்கள வெச்சிக்கிட்டு என்ன பண்றது?"

"சாவுல அழாம? சர்ச் எதுக்கு இருக்கு, பாதிரியம்மா எதுக்கு இருக்காங்க?"

"அவங்க ஊருக்கு வந்து ஆறு மாசம் ஆகல. ஆர்லினப் பாத்தது ரெண்டே தடவ. ரெண்டு தடவயும் அவரு தூங்கிட்டிருந்தாரு."

மார்வாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே முகத்தில் கெட்டுப்போனது.

"அடக்கத்த அதே எடத்துலதான் பண்ணணுமா, வெல்டா? எங்க அண்ணன் செத்து உக்காந்திருக்கான். ஊரே சுத்தி உக்காந்து வெண்ணெயப் பத்திக் கேட்டுட்டிருக்கு. மறுபடியும் அங்கயேவா?"

வெல்டா நாட்காட்டியை நேராக மாட்டினாள்.

"அங்கயேதான்."

*

வியாழக்கிழமை நடந்தது இதுதான்.

அந்த மாதப் பேச்சாளர் விஸ்கான்சினிலிருந்து விமானத்தில் வந்த ஓர் அம்மாள். கூட்டுறவு வெண்ணெய் ஆலைகளைப் பற்றிப் பேச வந்தவர். அவரை அழைத்துவர வெல்டா காலையிலேயே டெமாய்ன் விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டாள். விமானம் தாமதம். காத்திருந்து, அழைத்து, வழியில் அந்த அம்மாளுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து ஊர் திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. சங்கம் கூடுகிற பழைய ரயில் நிலையத்தில் நாற்காலிகளை விரித்துப் போடுவது எப்போதும் ஆர்லினின் வேலை. உள்ளே நுழைந்தபோது நாற்காலிகள் எல்லாம் வரிசையாகப் போட்டாகியிருந்தன. மூன்றாவது வரிசையில், நடைபாதை ஓரமாக, தன் வழக்கமான நாற்காலியில் ஆர்லின் மார்பில் தாடையைப் புதைத்து உட்கார்ந்திருந்தார். தொப்பி கீழே கிடந்தது.

"இவருதான் என் வீட்டுக்காரர்" என்றாள் வெல்டா. "பேச்சு ஆரம்பிச்சதும் தூங்குவாரு. இன்னைக்குக் கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிச்சிட்டாரு. தப்பா எடுத்துக்காதீங்க, கேள்வி நேரத்துக்குச் சரியா எழுந்துடுவாரு."

சொல்லிக்கொண்டே குனிந்து, தொப்பியை எடுத்து, தூசி தட்டி, அவர் முழங்கால் மேல் வைத்தாள். பிறகு காபி போடப் போய்விட்டாள்.

ஆட்கள் வந்தார்கள். ஆர்லினைத் தாண்டிப் போகிறவர்கள் எப்போதும் போலக் கால்களை மெதுவாக வைத்து நடந்தார்கள். படங்கள் காட்டுவதற்காக விளக்குகளை அணைத்தார்கள். அந்த அம்மாள் நன்றாகவே பேசினார். வெண்ணெய்ப் பீப்பாய்கள், பனிக்கட்டி வண்டிகள், எடைக்கல்லில் நடந்த திருட்டுத்தனங்கள். பேசி முடித்து விளக்குகள் எரிந்ததும், "கேள்வி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். கூட்டம் மொத்தமும் வழக்கப்படி மூன்றாவது வரிசையைப் பார்த்தது.

சங்கத்தின் கூட்டங்களில் முதல் கேள்வி எப்போதும் ஆர்லினுடையது. பேச்சு முடிந்ததும் விழும் அந்தக் கனத்த மௌனத்தில் ஒரு பேச்சாளர் தவித்து நின்றதை வெல்டா ஒருமுறை பார்த்துவிட்டாள். அதிலிருந்து புருஷனைப் பழக்கிவைத்தாள். கூட்டம் நடக்கிற அன்று, இன்ன கேள்வியைக் கேளுங்கள் என்று ஒரு கௌரவமான கேள்வியை அவளே சொல்லித் தருவாள். "சரி" என்பார். கூட்டத்தில் எழுந்து, தொண்டையைச் செருமி, அதை விட்டுவிட்டுத் தன் கேள்வியைக் கேட்பார். வங்கிக் கொள்ளையோ, வெள்ளமோ, கொள்ளைநோயோ, எந்தப் பேச்சாக இருந்தாலும் ஆர்லின் ஹூஸ்பிக்கு ஒரே கேள்விதான்.

"அன்னைக்கு அவங்க என்ன சாப்பிட்டாங்க?"

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல்காரராகவே வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். வேறென்ன கேட்பார் என்று ஜனங்கள் சிரிப்பார்கள். வெல்டாவுக்கு ஆரம்பத்தில் மானம் போகும். "மொத்தக் கவுண்டியும் நீங்க பசியோட வந்திருக்கறதா நெனச்சுக்கும்" என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திட்டுவாள். நாளடைவில் அது சங்கத்தின் சடங்காகவே ஆகிவிட்டது.

அந்த வியாழக்கிழமை கூட்டம் மூன்றாவது வரிசையைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. முன்வரிசையில் யாரோ, "ஆர்லின், உன் முறை" என்றார்கள். சிரித்தார்கள். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. வெல்டா சுவரோரத்திலிருந்து எழுந்து நடந்து வந்தாள். அவள் வைத்த தொப்பி, வைத்தபடியே, முழங்கால் மேல் இருந்தது.

மாரடைப்பு என்றார் டாக்டர். மத்தியானமே உயிர் போயிருக்கும், நாற்காலிகளைப் போட்டு முடித்து இளைப்பாற உட்கார்ந்திருப்பார், வலியே தெரிந்திருக்காது என்றார். வெல்டா அவருக்கு நன்றி சொன்னாள். விஸ்கான்சின் அம்மாளை விடுதியில் கொண்டுபோய் விட ஏற்பாடு செய்தாள். மிச்சமிருந்த காபியை யாரும் கொட்ட வேண்டாம், குடித்துவிட்டுப் போங்கள் என்று சொன்னாள்.

*

கதவைத் தட்டும் சத்தம் நிற்கவே இல்லை. சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு, பன்றியிறைச்சி உருண்டை, பச்சை நிற ஜெல்லி. ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் ஒட்டுநாடாவில் கொண்டுவந்தவர் பெயர். சாவு வீட்டில் ஆறுதல் சொல்லத் தெரியாதவர்கள் அந்த ஊரில் நிறைய உண்டு. சமைக்கத் தெரியாதவர்கள் கிடையாது.

வெல்டா குளிர்பெட்டியைத் திறந்து இடம் பண்ணத் தொடங்கினாள். பாலை ஓரமாகத் தள்ளினாள். ஊறுகாய்ப் புட்டியைக் கதவுப் பக்கம் மாற்றினாள். நடுத்தட்டின் பின்பக்கத்திலிருந்து நீல மூடி போட்ட டப்பா ஒன்று வெளிவந்தது. வியாழக்கிழமை காலையில் கிளம்பும்போது அவள் வைத்துவிட்டுப் போனது. மாட்டிறைச்சி நூடுல்ஸ், அடியில் மசித்த உருளைக்கிழங்கு. மூடியைத் திறந்தாள். மேலே கொழுப்பு ஆடை போல உறைந்திருந்தது. கரண்டி பட்ட தடம் எதுவும் இல்லை.

பாத்திரம் கழுவும் தொட்டியில் வியாழக்கிழமை என்ன கிடந்தது என்று யோசித்துப் பார்த்தாள். அவருடைய காபிக் கோப்பை. அது மட்டும்தான்.

"அதக் கொட்டிடட்டுமா?" என்றாள் பின்னால் வந்து நின்ற மார்வா. "எடம் பத்தாது போலிருக்கே."

"இருக்கட்டும்" என்று வெல்டா மூடியை அழுத்தி மூடி, அதே இடத்தில், பாலுக்குப் பின்னால் வைத்தாள். பன்றியிறைச்சி உருண்டையை மார்வாவின் கையில் கொடுத்தாள். "இத உன் காருல வை. வெளில நல்ல குளிரு, கெடாது."

அடுத்துக் கதவைத் தட்டியது ட்வைலா. கடைத்தெருவில் காபிக்கடை வைத்திருப்பவள். ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டு போட்ட பணியாரம் கொண்டுவந்திருந்தாள். ஆர்லினுக்குப் பிடிக்கும் என்று சொல்லித் தட்டை நீட்டினாள்.

"வியாழக்கெழம வந்தாரா உன் கடைக்கு?" என்று வெல்டா கேட்டாள், பணியாரத்தட்டின் அடியில் பெயர் இருக்கிறதா என்று தூக்கிப் பார்த்தபடி.

"வியாழக்கெழம எங்க கடை லீவாச்சே, வெல்டா."

"ஆமால்ல. மறந்துட்டேன்."

வெல்டா எதையும் மறக்கிறவள் இல்லை என்பது ட்வைலாவுக்குத் தெரியும். ஆனாலும் துக்க வீடு. வெல்டாவின் கையைத் தொட்டுவிட்டுப் போய்விட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை, பாதிரியம்மாவும் சவ அடக்கம் செய்கிறவரும் சேர்ந்து வந்தார்கள். ரயில் நிலையத்துக்குள் சவப்பெட்டியைக் கொண்டுபோவது சிரமம் என்றார் அடக்கம் செய்கிறவர்.

"அது சரக்கு ஏத்தி எறக்கின எடம்" என்றாள் வெல்டா. "தண்டவாளப் பக்கம் இருக்கற கதவு வழியா பியானோவே போயிருக்கு. ஆர்லின் போக மாட்டாரா?"

ஜெபம் மட்டுமாவது நடத்தலாமா என்றார் பாதிரியம்மா. தாராளமாக நடத்துங்கள், பத்து நிமிடம் என்றாள் வெல்டா. இருவரும் வந்த வழியே போனார்கள். வாசல் வரை போன பாதிரியம்மா திரும்பி வந்து அவளைக் கட்டிக்கொண்டார். வெல்டா அவர் முதுகைத் தட்டிக்கொடுத்து அனுப்பினாள்.

மாலையில் ராஸ்கோ டவ்டி வந்தார். நல்ல உயரம். சமையலறை மேசைக்கு அடியில் கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் பக்கவாட்டில் உட்கார்ந்தார். வெல்டா அவர் முன்னால் ஒரு தட்டை வைத்தாள். ஊர் கொண்டுவந்து குவித்ததிலிருந்து அள்ளிப் போட்டாள்.

"நான் இன்னும் சரின்னு சொல்லல" என்றார் ராஸ்கோ.

"நாட்காட்டில எழுதியாச்சு."

ராஸ்கோ நாட்காட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, முள்கரண்டியை எடுத்தார்.

"சரி, சொல்லு. எங்க பொறந்தாரு?"

வெல்டா சொன்னாள். பண்ணை, பண்ணை கைவிட்டுப் போனது, ராணுவத்தில் சமையற்கூடம், பிறகு பள்ளிக்கூடம். இருவரும் சந்தித்தது தேவாலயத்தில் இல்லை, கவுண்டி சந்தையில், எருமைக்கன்று போலப் பெருத்த ஒரு பன்றியின் முன்னால். பிள்ளைகள் இல்லை. ஒருமுறை பனிப்புயலில் பேருந்துகள் ஓடாமல் பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே தங்கிவிட்ட இரவில், இருந்த மாவையெல்லாம் போட்டு அப்பம் சுட்டுக்கொண்டே இருந்தது. எல்லாம் தங்குதடையில்லாமல் வந்தது. ஒரு பேச்சாளரை அறிமுகம் செய்கிற மாதிரியே சொன்னாள்.

மார்வா அடுப்படியில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பன்னி இல்ல, ஆடு" என்று ஒரே ஓர் இடத்தில் திருத்தினாள்.

"நான் அங்க நின்னுட்டிருந்தேன், மார்வா. பன்னிதான்."

"நானும்தான் நின்னுட்டிருந்தேன். அவன் என்னத்தான் கூட்டிட்டு வந்தான் சந்தைக்கு. உன்னையா கூட்டிட்டு வந்தான்?"

"போகும்போது என்னத்தானே கூட்டிட்டுப் போனாரு."

ராஸ்கோ வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். மார்வாதான் முதலில் சிரித்தாள். இந்தமுறை சிரிப்பு கெடாமல் முழுதாக வந்தது.

"கடைசி நாள்?" என்றார் ராஸ்கோ. "அது இல்லாம முடிக்க முடியாது."

"காலைல நான் கெளம்பினேன். அவரு காபி குடிச்சிட்டிருந்தாரு. இன்னைக்கு என்ன கேள்வின்னு கேட்டாரு. வெண்ணெய் ஆலையெல்லாம் ஏன் மூடினாங்கன்னு கேளுங்கன்னேன். சரின்னாரு."

"கேட்டிருக்க மாட்டாரு."

"மாட்டாரு. அப்புறம் ரயில் நிலையத்துக்குப் போயி நாற்காலியெல்லாம் போட்டிருக்காரு."

"நடுவுல?"

வெல்டா எழுந்து காபிப் பாத்திரத்தை எடுத்து வந்தாள். ராஸ்கோவின் கோப்பை பாதிதான் காலியாகியிருந்தது. விளிம்பு வரை ஊற்றினாள்.

"நடுவுல என்ன இருக்கு? ஒண்ணுமில்ல" என்றாள். குரலில் ஒரு பிசிறும் இல்லை. "நாப்பது நிமிஷத்துக்கு இது போதும்."

*

திங்கட்கிழமை காலை, வெல்டா நாற்காலிகளைத் தானே போட்டாள். கூட வந்த மார்வா இரும்பு நாற்காலிகளை இரண்டிரண்டாகத் தூக்கி வந்து கொடுத்தாள். "இவ்ளோ கனமா இருக்கு, இத ஒரு வயசானவன் தனியாவா தூக்கினான்?" என்று முனகினாள். வெல்டா வரிசைகளை அவர் போடுகிற மாதிரியே போட்டாள். மூன்றாவது வரிசையின் ஓர நாற்காலியை மட்டும் நடைபாதைப் பக்கம் கொஞ்சம் கோணலாகத் திருப்பினாள்.

"இத நேராக்கட்டுமா?"

"வேண்டாம். முட்டிய நீட்ட அப்படித்தான் வேணும் அவருக்கு."

மார்வா அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள். பிறகு, நேராக்காமல், அடுத்த நாற்காலியை எடுக்கப் போனாள்.

பெட்டி தண்டவாளப் பக்கக் கதவு வழியாகத் தாராளமாக உள்ளே வந்தது. ஜனங்கள் தெருப் பக்கக் கதவு வழியாக வந்தார்கள். சங்கத்து ஆட்கள் தங்கள் தங்கள் இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். ஆர்லின் கையால் சாப்பிட்டு வளர்ந்த ஆண்களும் பெண்களும், தலை நரைத்தவர்கள்கூட, பள்ளிக்கூடத்தில் தட்டேந்தி நிற்கும் வரிசை போலச் சுவரோரம் நின்றார்கள். இடம் போதவில்லை. ஆனாலும் மூன்றாவது வரிசையின் ஓரத்தில் யாரும் உட்காரவில்லை. அதைத் தாண்டிப் போனவர்கள், எதற்கென்று தெரியாமலே, கால்களை மெதுவாக வைத்து நடந்தார்கள்.

ராஸ்கோ டவ்டி கறுப்புக் கோட்டு போட்டு வந்திருந்தார். கக்கத்தில் ஒரு மரப்பலகை. அதில் விதவிதமான முள்கம்பித் துண்டுகள் வரிசையாக ஆணியடிக்கப்பட்டிருந்தன. அவர் போகும் கூட்டங்களுக்கெல்லாம் எடுத்துப்போகும் பலகை.

"இது எதுக்கு இங்க?" என்றாள் வெல்டா.

"கையில எதாவது இல்லன்னா எனக்குப் பேச்சு வராது."

வெல்டா ஒரு கணம் யோசித்தாள். "சரி, வெச்சிக்கோ. கீழ மட்டும் போட்டுடாத."

ஜெபம் முடிந்ததும் அவள் எழுந்து மேடைக்குப் போனாள். மைக்கைத் தட்டிப் பார்த்தாள்.

"எல்லாரும் வந்ததுக்கு நன்றி. கழிப்பறை இடது பக்கம். கைப்பேசிய அணைச்சிடுங்க. இன்னைக்குப் பேச்சாளர் ராஸ்கோ டவ்டி. உங்க எல்லாருக்கும் அவரத் தெரியும். இன்னைக்குத் தலைப்பு ஆர்லின் ஹூஸ்பி. அதுவும் உங்க எல்லாருக்கும் தெரியும்னுதான் நெனக்கிறேன்."

சுவரோரத்துத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

ராஸ்கோ நன்றாகப் பேசினார். வெல்டா எதிர்பார்த்ததைவிட நன்றாக. பண்ணையைச் சொன்னார், ராணுவத்தைச் சொன்னார், ஆட்டையும் பன்றியையும் சொல்லி, எது என்பதில் குடும்பத்துக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது என்றார். மார்வா தலையாட்டினாள். பனிப்புயல் இரவைச் சொன்னபோது சுவரோரம் நின்ற ஒருவர், "நான் எட்டு தின்னேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கூட்டம் சிரித்தது. பிறகு ராஸ்கோ பலகையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நான் மொத தடவ இங்க வந்து பேசினப்ப, எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லன்னு நெனப்பு. எந்தக் கம்பி எந்த வருஷம், எந்த முடிச்சு யாரோடது, எல்லாம் தலைகீழா சொன்னேன். முடிச்சதும் இவரு எழுந்தாரு. அதோ, அந்த நாற்காலிலருந்து. வேலி போட்ட கூட்டம் என்ன சாப்பிட்டாங்கன்னு கேட்டாரு. தெரியாதுன்னேன். அது வரலாறு இல்லன்னும் சொன்னேன். அவரு கோவிச்சுக்கல. 'அப்ப அவங்க இன்னும் பசியோடதான் இருக்காங்க'ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு."

யாரோ இருமினார்கள். வெல்டா கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தாள். அன்று அதே இடத்தில்தான் அவளும் உட்கார்ந்திருந்தாள். பேச்சாளருக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். இந்த வார்த்தை அவள் காதில் விழவில்லை.

"எனக்குத் தூக்கம் வரல. ஒரு குளிர்காலம் முழுக்கத் தேடினேன். கடைசில கண்டுபிடிச்சேன். பீன்ஸ், உப்புக்கண்டம், சோள ரொட்டி. ஞாயித்துக்கெழம மட்டும் காஞ்ச ஆப்பிள் போட்ட பணியாரம். மறு வருஷம் வந்து, பேசி முடிச்சு, அவரு கேக்கட்டும்னு காத்துட்டிருந்தேன். கேட்டாரு. சொன்னேன். 'நல்லது'ன்னாரு. உக்காந்து மறுபடியும் தூங்கிட்டாரு. அவ்ளோதான். என் வாழ்க்கைல வாங்கின பெரிய பரிசு அது."

ராஸ்கோ மூக்கைத் துடைத்துக்கொண்டார். நாற்பது நிமிடம் ஆக இன்னும் கொஞ்சம் இருந்தது. பேச்சு முடிந்துவிட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பின்வரிசையில் ஒருவர் பழக்க தோஷத்தில் கைதட்டினார். சாவில் கைதட்டுகிறோமே என்று அவர் நிறுத்துவதற்குள் பக்கத்தில் இருந்தவர் தட்டினார். பிறகு சுவரோரம் நின்றவர்கள் தட்டினார்கள். மார்வாவும் தட்டினாள். ரயில் நிலையத்தின் தகரக் கூரையில் மோதி அந்தச் சத்தம் திரும்பி வந்தது.

சத்தம் ஓய்ந்ததும் ராஸ்கோ, தன்னை அறியாமல், ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய நாக்கு தானாகப் புரண்டு, "கேள்வி ஏதாவது இருக்கா?" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. "மன்னிச்சிடுங்க, நான் வந்து..." என்று தடுமாறினார். பாதிரியம்மா பாதி எழுந்தார். கூட்டம் மொத்தமும், அதுவும் தன்னை அறியாமல், மூன்றாவது வரிசையைப் பார்த்தது. கோணலாகத் திருப்பிய நாற்காலி நடைபாதையைப் பார்த்தபடி இருந்தது.

வெல்டா கையை உயர்த்தினாள்.

இத்தனை வருடத்தில் அவள் கேள்வி கேட்டு யாரும் பார்த்ததில்லை. பேச்சாளரை அழைத்து வருவாள், அறிமுகம் செய்வாள், மைக்கை அணைப்பாள். கேள்வி மட்டும் கேட்க மாட்டாள். ராஸ்கோ வாயை மூடிக்கொண்டு, மேடையிலிருந்து மெதுவாக அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவள் எழுந்து நின்றாள். மற்ற கையால் கோட்டின் முன்பக்கத்தை இழுத்துச் சரிசெய்தாள். தொண்டையைச் செருமினாள்.

"ராஸ்கோவுக்குத் தெரிஞ்சிருக்காது. நான் சொன்னாத்தானே அவருக்குத் தெரியும்? அதனால எல்லாரையும் கேக்கறேன்." எப்போதும் போலக் கணீரென்ற குரல், கடைசி வரிசைக்கும் எட்டியது. "வியாழக்கெழம மத்தியானம் நான் ஊர்ல இல்ல. சாப்பாடு வெச்சிட்டுத்தான் போனேன். அவரு அதத் தொடல. கடைலயோ, யாரு வீட்டுலயோ, வழியில யாரு கையாலயோ, அவரு ஒரு வாயி எதாவது சாப்பிட்டத உங்கள்ல யாராவது பாத்திருந்தா, என்ன சாப்பிட்டாருன்னு எனக்குச் சொல்லுங்க."

கேட்டு முடித்தும் அவள் உட்காரவில்லை. உயர்த்திய கை உயர்த்தியபடியே இருந்தது.